ஒன்பதாவது அளவு

வட்டம் போடுவதுதான் வேலை. திரையில் வயிற்றின் குறுக்குவெட்டு கறுப்பு வெள்ளையில் தெரியும். கட்டி இருக்கும் இடத்தில் சுட்டியை வைத்து இழுத்தால் ஒரு சிறிய வட்டம் விழும். அந்த வட்டத்துக்குள் எவ்வளவு அயோடின் ஏறியிருக்கிறது என்று பக்கத்தில் ஓர் எண் வரும். அதைத் தாளில் எழுத வேண்டும். பிறகு அதே படத்தில் பெருந்தமனிக்குள் ஒரு வட்டம். அந்த எண்ணால் முதல் எண்ணை வகுக்க வேண்டும். ரத்த ஓட்டம் ஆளுக்கு ஆள் மாறும். வகுத்தால்தான் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியும்.

இயந்திரம் புதிது. ஒரே நேரத்தில் இரண்டு வலுவில் கதிரை அனுப்பும் சி.டி. பழையது சாம்பல் நிறத்தை மட்டும் காட்டியது. இது, கையில் ஏற்றிய மருந்தின் அயோடின் எங்கே எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தனியாகப் பிரித்துச் சொல்லும். வேகமாக வளரும் கட்டிக்கு ரத்தம் அதிகம் தேவை. ரத்தத்தோடு அயோடினும் அதிகம் போகும். பெருங்குடல் புற்றுநோயில் கட்டி எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதை இப்போது சதையை எடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்த வேகத்தைக் காட்டும் குறிகளைக் கத்தி படாமல் படத்திலிருந்தே படிக்க முடியுமா என்பது சி.டி. பிரிவு டாக்டரின் ஆய்வு. இரண்டு வருடமாக நடக்கிறது. அறுபத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்.

அளப்பவருக்கு நோயாளி யாரென்று தெரியக்கூடாது. சதைப் பரிசோதனையின் முடிவும் தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும் என்பார் டாக்டர்.

அளக்க வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவன் பொறுப்பு. சி.டி. அறையின் மூத்த டெக்னீஷியன். வயது நாற்பத்துமூன்று. மருத்துவமனையில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாதா என்பார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு மதியம், வேலையில் இருந்தபோதே அவனுக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்துவிட்டது. குடல்வால் அழற்சியாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, அவன் தினமும் மற்றவர்களைப் படுக்கவைக்கும் மேசையில் அவனையே படுக்கவைத்து, மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். டாக்டரே பார்த்தார். குடல்வாலில் ஒன்றுமில்லை. வேறெங்கும் ஒன்றுமில்லை. வலி இரண்டு நாளில் போய்விட்டது.

அடுத்த வாரம் டாக்டர் கேட்டார். பயிற்சிக்கு நோயில்லாத ஒரு வயிறு தேவை. உங்களுடையது பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளலாமா? அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கோப்பில் பெயர் இருக்கக்கூடாது என்பதால் யாரோ சாதா என்று தட்டிவைத்தார்கள். கோப்பின் பெயர் கொஞ்ச நாளில் ஆள் மேல் ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண், சார், உங்க மண்ணீரல் ரொம்ப லட்சணம் என்றாள். சாப்பாட்டு அறையில் ஒருவன் அவனைத் தன் நண்பனுக்கு அறிமுகம் செய்தபோது, இவர் முகம் மறந்தாலும் மறப்பேன், சிறுநீரகம் மறக்காது என்றான். வீட்டில் சொன்னபோது மனைவி, தாலி கட்டிக்கிட்டவளுக்கே காட்டாததை ஊருக்கெல்லாம் காட்டுறீங்களா என்று கேட்டாள்.

பயிற்சித் தாளை அவன்தான் தயாரித்தான். பத்து இடங்கள். பத்து வட்டங்கள். பெருந்தமனி, கல்லீரல், மண்ணீரல், முதுகுத் தசை, பிறகு குடல் சுவரில் ஆறு இடங்கள். சரியாகப் போட்டால் என்ன எண் வர வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். குடல் சுவரில் ஒன்று புள்ளி மூன்று, ஒன்று புள்ளி நான்கு.

ஒன்பதாவது இடம் மட்டும் வேறு. பெருங்குடல் இடப்பக்கம் கீழே வளைந்து இறங்கும் இடம். படம் எடுத்த அன்று அங்கே காற்று இல்லாமல் குடல் சுருங்கிக் கிடந்தது. சுருங்கினால் மடிப்பு மேல் மடிப்பு ஏறும். சுவர் தடித்தது போலத் தெரியும். எண் எகிறும். டாக்டரின் அறிக்கையிலேயே, அங்கே குடல் சுருங்கியுள்ளது என்று ஒரு வரி இருந்தது. அவன் அந்த இடத்தை வேண்டுமென்றே தாளில் சேர்த்தான். பொறி வைப்பதுபோல. பயில்பவர் அங்கே வட்டம் போடுவார். இரு மடங்கு எண் வரும். பயந்துபோய் அவனைப் பார்ப்பார். அவன் சிவப்புப் பேனாவால் அந்த எண்ணை அடிப்பான். சுருங்கிய குடல் எப்படி ஏமாற்றும் என்று கால் மணி நேரம் பேசுவான். அவனுக்குப் பிடித்த பாடம் அது. தாளின் அடியில் அச்சடித்தே வைத்திருந்தான்: ஒன்பதாவது அளவு தவறாக வரும், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பதினோரு பேர் பயின்று முடித்திருந்தார்கள்.

பன்னிரண்டாவதாக எக்ஸ்ரே அக்கா வந்தார். இருபத்தெட்டு வருடம் எக்ஸ்ரே அறையில் இருந்தவர். அந்தப் பிரிவில் ஆட்களைக் குறைத்தபோது இங்கே அனுப்பினார்கள். ஐம்பத்திரண்டு வயது. முதல் நாள் கணினி முன்னால் உட்காருவதற்கே பழக்க தோஷத்தில் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். யாரோ சிரித்தார்கள். குளிருதுப்பா என்று சொல்லிவிட்டுக் கழற்றி வைத்தார்.

சுட்டி நழுவி ஓடிவிடும் என்பதுபோல அதை இறுக்கிப் பிடித்தார். மற்றவர்கள் இருபது நிமிடத்தில் முடிக்கும் பத்து வட்டங்களுக்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாவது இடத்தில் அக்கா வட்டம் போட்டார். இரண்டு புள்ளி ஆறு. வட்டத்தை அழித்து மறுபடி போட்டார். இரண்டு புள்ளி ஆறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை போட்டார்.

அவன் சிவப்புப் பேனாவை எடுத்தான். சுருங்கிய குடல் பற்றிச் சொன்னான். காற்று, மடிப்பு, தடிமன். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பயப்பட வேண்டாம், இதுவரை வந்த எல்லாருக்கும் இந்த இடத்தில் இரண்டு புள்ளி ஆறுதான் வந்தது என்று முடித்தான்.

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“தப்புன்னா ஆளுக்கு ஒரு தப்புல்ல தம்பி வரணும்?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“எக்ஸ்ரேல ஆள் அசைஞ்சா படம் கலங்கிரும். ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி கலங்கும். எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே மாதிரி கலங்கினா, அது அசைவு இல்ல. அங்க ஏதோ இருக்கு.”

எக்ஸ்ரே வேறு, இது வேறு என்றான். காட்டுகிறேன் என்று எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய தாள்களை எடுத்துவந்தான். பதினொன்று. மேசையில் சீட்டு பரப்புவதுபோலப் பரப்பினான்.

கல்லீரலில் ஒருவருக்கு ஒன்று புள்ளி எட்டு, ஒருவருக்கு இரண்டு புள்ளி மூன்று. மண்ணீரலிலும் அப்படித்தான். தசையில் ஒருவர் தப்பான இடத்திலேயே வட்டம் போட்டிருந்தார். கை பழகாதவர்களின் தாள்கள் அப்படித்தான் இருக்கும். ஒன்பதாவது வரிசையில் அவன் விரல் இறங்கியது. இரண்டு புள்ளி ஆறு. இரண்டு புள்ளி ஆறு. இரண்டு புள்ளி ஐந்து. இரண்டு புள்ளி ஆறு. இரண்டு புள்ளி ஏழு. பதினோரு தாளிலும் அந்த எண் ஒன்றுதான் நகராமல் நின்றது. பதினோரு தாளிலும் அதன் மேல்தான் சிவப்புக் கோடு. அவன் கையால் போட்ட கோடு.

காது அடைத்தது. அறையின் குளிர்சாதனம் நின்றுவிட்டது என்று நினைத்தான். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா தாள்களைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அவர் இங்கே வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எல்லோரும் அவனை ஏன் சாதா என்கிறார்கள் என்று அவர் இன்னும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

“இது யாரு தம்பி? இவங்களுக்குச் சொல்லியாச்சா?”

அவன் சிவப்புப் பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

“இப்பத்தான் சொன்னீங்க, அக்கா.”

அக்காவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். வயதானவர், நுரையீரல் படத்துக்கு வந்தவர். அவன் போய் அவரை அழைத்துவந்து படுக்கவைத்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றான். வலிக்குமா என்றார். வலிக்காது என்றான். ஊசி குத்தினான், ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. மூச்சை இழுத்துப் பிடிங்க என்றான். விடுங்க என்றான். படம் நன்றாக வந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. அது பிறகு அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு தன் கோப்பைத் திறந்தான். ஒன்பதாவது இடத்தில் தானே வட்டம் போட்டான். பெருந்தமனியில் ஒன்று. வகுத்தான். ஆய்வின் வரைபடம் சுவரில் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் ஆரோக்கியமான சுவர்கள், நெருக்கமாக ஒரு புள்ளிக் கூட்டம். வலப்பக்கம் அறுபத்திரண்டு பேர். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். தன் எண்ணை எடுத்துக்கொண்டு போய் வரைபடத்தின் முன் நின்றான். அது வெற்றிடத்தைத் தாண்டி விழுந்தது.

அந்த வரைபடத்தை ஒட்டியதும் அவன்தான். ஒட்டி ஐந்து மாதம் ஆகிறது.

டாக்டர் அறையில் அதிகம் பேச்சு நடக்கவில்லை. அவன் தாள்களைக் கொடுத்தான். டாக்டர் படத்தைத் திறந்தார். சுட்டியின் சக்கரத்தை உருட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. குடல் வளைந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. பத்துப் பதினைந்து முறை அப்படிப் போய்வந்தார். அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

சுருங்கிய குடலாகவும் இருக்கலாம் என்றார் கடைசியில். எண்ணை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அதைத்தானே, டாக்டர், ரெண்டு வருஷமா சொல்லப் பார்க்கிறோம் என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பவன்போலத்தான் சொன்னான்.

டாக்டர் திரையைவிட்டுத் திரும்பவில்லை. மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டார். எப்போதாவது என்றான். எத்தனை நாளாக? எட்டு மாதம் இருக்கும். மூலம் என்று நினைத்தான். எடை? கொஞ்சம் குறைந்தது. சாயங்காலம் நடக்கப் போவதால் என்று நினைத்தான். ஒவ்வொரு பதிலையும் வெளியே சொல்லும்போதுதான் அவனே அதை முதல்முறையாகக் கேட்டான். எதிரில் உட்கார்ந்து வேறொருவன் இப்படிச் சொன்னால் என்ன நினைப்பானோ, அதை நினைத்தான்.

“நான்தான் பார்த்தேன்,” என்றார் டாக்டர். “குடல்வாலைத் தேடிட்டு இருந்தேன். அது சரியா இருந்ததும் மனசு லேசாயிருச்சு. அந்தப் பக்கம் ஒழுங்கா பார்க்கல.”

அவர் ஒரு முறை பார்க்கவில்லை. அவன் பதினோரு முறை பார்த்தான்.

மறுநாளைக்கே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்தார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவள். அதனால் குடலைக் கழுவும் பொடியை அவன் மருத்துவமனையிலேயே வாங்கிக்கொண்டான். பையிலேயே வைத்து, தண்ணீரில் கரைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மேசையில் வைத்தான். மகள் டியூஷன் போயிருந்தாள். மனைவி சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையைத் திறந்தாள். பொட்டலம் கையில் வந்தது.

அதை அவள் ஒரு நாளைக்கு நான்கைந்து பேருக்குக் கொடுக்கிறவள். திருப்பிப் படிக்கவில்லை.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே சொன்னான். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னான். எக்ஸ்ரே அக்கா, தாள்கள், ஒன்பதாவது வரிசை. இரண்டு புள்ளி ஆறு என்ற எண்ணை எதற்கு அவளிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே அதையும் சொன்னான். அவள் குறுக்கே பேசவில்லை. வழக்கமாக அவன் மூன்று வாக்கியம் சேர்த்துச் சொல்ல விடமாட்டாள்.

“எத்தனை பேர் பார்த்தாங்க?”

“அக்காவோட சேர்த்து பன்னிரண்டு.”

“உங்களையும் சேர்த்து.”

“பதிமூணு.”

“பார்த்துட்டு?”

“தப்புன்னு அடிச்சேன்.”

அவள் பொட்டலத்தை மேசையில் நேராக வைத்தாள். பிறகு அதைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

ரத்தம் போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். மூலம் என்று நினைத்ததாகச் சொன்னான். களிம்பு போட்டீங்களா என்றாள். போட்டேன் என்றான். எங்க வாங்கினீங்க என்றாள். அவன் கடையின் பெயரைச் சொன்னான். நான்கு தெரு தள்ளி இருக்கும் கடை. அவளுக்குத் தெரியக்கூடாது என்று அங்கே போய் வாங்கினான். எட்டு மாதத்தில் ஆறு குழாய்.

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. மற்றதையெல்லாம் கல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் இதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“என் கடைக்கு வந்திருந்தா ரெண்டாவது குழாய்க்கே கேட்டிருப்பேனே. கண்ட ஆளுங்களையும் கேக்குறேன். உங்களைக் கேக்க மாட்டேனா?”

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து பொடியைக் கரைத்தாள். அளவுக் கோடு வரை ஊற்றினாள். கலக்கினாள். முதல் டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு விடாம குடிங்க, ருசி பார்த்தா உள்ள போகாது என்றாள். கடையில் எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாள். மகள் வந்து, அப்பாவுக்கு என்ன என்று கேட்டபோது, அப்பாவுக்கு வயிறு சுத்தம் பண்றோம், ஊருக்கே தெரிஞ்ச வயிறு இல்லையா என்றாள். மகள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். இருவரும் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேமரா விடும் டாக்டர் வாயாடி. இரண்டு மாடி கீழே அவர் அறை. அவனைப் பார்த்ததும், அடடே, சாதாவா, வாங்க வாங்க, வெளியிலிருந்து எல்லாரும் பார்த்தாச்சு, நான் ஒருத்தன்தான் உள்ளேயிருந்து பாக்காம பாக்கி என்றார். தூக்க மருந்து கொஞ்சமாகக் கொடுத்தார்கள். இடப்பக்கமாகப் படுத்திருந்தான். திரை அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. ரோஜா நிறச் சுரங்கம் ஒன்று விரிந்துகொண்டே போனது. டாக்டர் நர்ஸிடம் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யாரோ கடைசி ஓவரில் கோட்டைவிட்ட கதை.

கதை பாதியில் நின்றது.

அவன் திரையைப் பார்த்தான். சுவரில் ஒரு பக்கம் முழுக்க மேடு. நடுவில் குழி, விளிம்பு சிவந்து புடைத்திருந்தது. லேசாகக் கசிந்தது. சுருங்கிய குடல் காற்றடித்தால் விரியும். டாக்டர் காற்றடித்தார். சுற்றியிருந்த எல்லாம் விரிந்தது. அது விரியவில்லை.

பயாப்சி எடுக்கிறேன் என்றார் டாக்டர். இப்போது கேலி இல்லாமல், அறிமுகமில்லாதவரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினார். அவனுக்கு அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

முடிவு நான்கு நாளில் வந்தது. புற்றுநோய். பெருகும் வேகத்தைக் காட்டும் குறி அதிகம் என்று எழுதியிருந்தது. ஆய்வு சொன்னது சரி. அறுபத்திரண்டு பேருக்கு என்ன சொன்னதோ அதையே அவனுக்கும் சொன்னது, பதினான்கு மாதம் முன்கூட்டியே.

இனி ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. குடலோடு நிற்கிறதா, தாண்டிவிட்டதா. நின்றிருந்தால் ஒரு அறுவை சிகிச்சையோடு போய்விடும். அதற்குப் புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு முந்தின நாள் டாக்டர் அவனைக் கூப்பிட்டார். அவர் தூங்கியிருக்கவில்லை என்று தெரிந்தது. அவனை ஆய்வில் சேர்க்க முடியுமா என்று யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். அறுபத்துமூன்றாவது எண் கொடுக்கலாம். ஆனால் அளப்பதற்கு ஆள் இல்லை.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பயின்றவர்களில் ஆறு பேர் இப்போதும் வேலையில் இருக்கிறார்களே என்றான்.

அளப்பவருக்கு ஆள் யாரென்று தெரியக்கூடாது, இல்லையா, என்றார் டாக்டர். பெயரை மறைக்கலாம். எண்ணை மாற்றலாம். முதல் படம் திரையில் வந்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த மண்ணீரலை, அந்தச் சிறுநீரகங்களை, முதுகெலும்பு சற்று வலப்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் தொழிலே கற்றார்கள். அவன் முகத்தை மறைத்து என்ன பயன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. டாக்டரும் சிரிக்க முயன்றார், முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார். ஆய்வில் அவன் சேரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் முதுகுப்பக்கம் கட்டும் அங்கியைப் போட்டுக்கொண்டு மேசையில் படுத்தான். மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். படம் எடுப்பது எக்ஸ்ரே அக்கா. வேறு யாராவது எடுக்கட்டும் என்று டாக்டர் சொன்னாராம். நானே எடுக்கிறேன் என்றாராம் அக்கா. ஊசியும் அவரே குத்தினார். இரண்டாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. மன்னிச்சிருங்க தம்பி என்றார். பரவால்ல அக்கா, அந்த நரம்பு எப்பவும் ஓடும் என்றான். மருந்து உள்ளே போனதும் உடம்பு முழுக்கச் சூடு பரவும் என்று சொல்லத் தொடங்கியவர், யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

சொல்லுங்க அக்கா என்றான். சொல்லிக் கேட்டா நல்லாதான் இருக்கு.

அக்கா முழுவதையும் சொன்னார். சூடு வரும், வாயில் உலோக ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும், போயிருக்காது. பிறகு கண்ணாடிக்கு அப்பால் போனார்.

மேசை உள்ளே நகர்ந்தது. சூடு தொண்டையில் தொடங்கி இடுப்புக்கு இறங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்தான். விட்டான். மேசை வெளியே வந்தது. மேலே கூரையில் ஒரு சதுரப் பலகை மற்றவற்றைவிடச் சற்று மஞ்சளாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் இங்கே படுத்திருக்க வேண்டும்.

முடிந்துவிட்டது என்று நோயாளியிடம் சொல்ல, அந்தப் பக்கம் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். அக்கா அழுத்தினார். ஒலிபெருக்கி கரகரத்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள், அவருக்குப் பின்னால் திரை முன் உட்கார்ந்திருந்த டாக்டரின் குரல் வந்தது. தனக்குத்தானே பேசுகிற குரல்.

“கல்லீரல். வலப்பக்கம். ஒன்னு இருக்கு.”

பொத்தான் அழுந்தியபடியே இருந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சு விட்டார்கள். சக்கரம் உருண்டது, நின்றது, உருண்டது. டாக்டர் இன்னும் ஒன்றைச் சொன்னார், முன்னதைவிட மெதுவாக. போன படத்தில் இது இல்லை.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று என்றால் வெட்டலாம். குடலோடு சேர்த்தே வெட்டலாம், அல்லது பிறகு. ஒன்று என்று எழுதிய அறிக்கைகள் எத்தனை பேருக்கு அவன் கையால் கொடுத்திருக்கிறான். அவர்களில் சிலர் இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். சிலர் வரவில்லை. யார் யார் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். முகங்கள் வரவில்லை. கல்லீரல்கள் வந்தன.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

“முடிஞ்சுது தம்பி,” என்றார் அக்கா. “எழுந்திரிக்காதீங்க. வர்றேன்.”

அவன் எழுந்துவிட்டான். கால்களைத் தொங்கவிட்டு ஒரு நொடி உட்கார்ந்தான், பிறகு இறங்கினான். தரை குளிர்ந்தது. கையில் ஊசி இன்னும் இருந்தது, குழாய் தொங்கியது. அவன் மேசையின் தலைமாட்டுக்குப் போய், படுத்ததில் கசங்கிய காகித விரிப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். சுருளிலிருந்து புதிய விரிப்பை இழுத்தான். கால்மாடு வரை இழுத்து, இரண்டு பக்கமும் மடித்துச் செருகினான். தலையணையைத் தட்டி நேராக்கினான்.

அக்கா வாசலில் வந்து நின்றார். அவர் பின்னால் டாக்டர். டாக்டரின் பின்னால், யார் உள்ளே விட்டார்கள் என்று தெரியவில்லை, மனைவி.

“விடுங்க தம்பி,” என்றார் அக்கா. “நான் போடுறேன்.”

“வெளிய ஆள் காத்திருக்காங்க அக்கா,” என்றான் அவன். விரிப்பில் ஒரு மூலையில் சுருக்கம் இருந்தது. அதை உள்ளங்கையால் தேய்த்தான். போகவில்லை. மறுபடி தேய்த்தான். அங்கியின் பின்பக்கக் கட்டு அவிழ்ந்திருந்தது. மனைவி நேராக உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு நாடாக்களையும் எடுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.